கூரையை வெட்டினால் கார் முறுகுமா?

டைம் அட்டாக் என்று ஒரு கார் பந்தய வகை இருக்கிறது. இதில் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. எதிராளி கடிகாரம் மட்டும்தான். டயரைச் சூடேற்ற ஒரு சுற்று, முழு மூச்சாக ஒரு சுற்று, பிறகு ஆற வைக்க ஒரு சுற்று. நடுவில் வரும் அந்த ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்பதுதான் கணக்கு. ஜப்பானின் இபராகி மாகாணத்தில் இருக்கும் ட்சுகுபா ஓடுதளம்தான் இதற்குத் தாய்வீடு. 2 கிலோமீட்டரை விடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அங்கே கார் ட்யூனிங் கடைக்காரர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டு வந்து ஓட்டி, 'எங்கள் கடை வண்டி இத்தனை விநாடி' என்று மார் தட்டிக்கொள்வார்கள். கார் பத்திரிகைகள் அதைப் பக்கம் பக்கமாக வெளியிடும். அப்படித்தான் இது வளர்ந்தது.

இந்தப் பந்தயத்தில் புகழ் பெற்ற வண்டிகளின் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கிட்டத்தட்ட எல்லாமே கூரை போட்டவை. 2007-ல் ட்சுகுபாவை 53.589 விநாடியில் சுற்றிய எச்.கே.எஸ். நிறுவனத்தின் வண்டி மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனை வைத்துச் செய்தது. 2019-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1 நிமிடம் 19.277 விநாடியில் சுற்றி எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது ஒரு போர்ஷே 968. இரண்டுமே மூடிய கார்கள். "கன்வெர்ட்டிபிளா? அது காற்று வாங்கப் போகிறவர்களுக்கு. அதன் சேஸிஸ் முறுகும், ரேசுக்கு ஆகாது" என்று கார் பிரியர்கள் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்கள்.

இந்தத் தீர்ப்பில் பாதி உண்மை, பாதி பொய். எது எவ்வளவு என்று வரலாற்றில் தேடிப் பார்ப்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் முறுகுவது என்றால் என்ன? வீட்டில் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளையும் பிடித்து, ஈரத்துணி பிழிவது போல எதிரெதிர்ப் பக்கம் திருகிப் பாருங்கள். சுலபமாகக் கோணும். இப்போது மூடியைப் போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டுத் திருகுங்கள். அசையாது. அட்டை அதேதான். எடையும் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் பெட்டி நாலு பக்கமும் மூடிய குழாய் மாதிரி ஆகிவிட்டது. மூடிய குழாய் திருகலைத் தாங்கும், ஒரு பக்கம் திறந்த குழாய் தாங்காது. காருக்கும் இதே விதிதான். கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் அந்த மூடி.

பொறியாளர்கள் இதை அளக்கும் முறையும் ரொம்ப எளிமையானது. காரின் பின்பக்கத்தை அசையாமல் பூட்டிவிட்டு, முன்பக்கத்தைத் திருகுவார்கள். ஒரு டிகிரி திரும்புவதற்கு எத்தனை நியூட்டன் மீட்டர் விசை தேவைப்பட்டது என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர் முறுக்கு விறைப்பு. எண் பெரிதாக இருந்தால் கார் விறைப்பாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, முறுகினால் முறுகட்டுமே, கடிகாரத்துக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் சுவாரஸ்யமான கணக்கு வருகிறது. வளைவில் கார் சாய்வதை ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் தாங்குகின்றன. ஆனால் அவை மாட்டப்பட்டிருப்பது சேஸிஸில். சேஸிஸே முறுகினால் அதுவும் ஒரு ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. யாரும் கேட்காமலே காருக்குள் வந்து உட்கார்ந்த, ஷாக் அப்சார்பர் இல்லாத ஐந்தாவது ஸ்பிரிங்!

புரிவதற்காக ஒரு எளிய கணக்கு (எண்கள் கற்பனை, விதி நிஜம்). சஸ்பென்ஷனின் விறைப்பு 1000, சேஸிஸின் விறைப்பு 5000 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன் பின் ஒன்றாக இணைத்த இரண்டு ஸ்பிரிங்குகளின் கூட்டு விறைப்பு 833 வரும். இப்போது ஓட்டுநர் காசு செலவழித்து சஸ்பென்ஷனை இரட்டிப்பாக்கி 2000 ஆக்குகிறார். கிடைப்பது 1429. அதாவது 100 சதவீதம் கூட்ட நினைத்தவருக்கு 71 சதவீதம்தான் கைக்கு வந்தது. சேஸிஸின் விறைப்பு 15000 ஆக இருந்திருந்தால்? 938-லிருந்து 1765-க்குப் போயிருக்கும். 88 சதவீதம். மீதியை சேஸிஸ் கமிஷன் மாதிரி எடுத்துக்கொள்கிறது. விறைப்பில்லாத சேஸிஸ் அதிகக் கமிஷன் கேட்கும் தரகர் :-)

டைம் அட்டாக்கில் இது மற்றப் பந்தயங்களை விட அதிகமாக உறைக்கும். அகலமான, ஒட்டும் டயர்கள், பெரிய பெரிய இறக்கைகள் என்று காரைத் தரையோடு அழுத்தும் சாமான்கள் ஏராளம். பிடிப்பு கூடக் கூட சேஸிஸின் மேல் விழும் விசையும் கூடும். முன் டயருக்கும் பின் டயருக்கும் எடை எப்படிப் பிரிகிறது என்பதை வைத்துத்தான் காரைச் சீர்செய்வார்கள். நடுவில் கார் முறுகினால் முன்பக்கம் செய்த மாற்றம் பின்பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஓட்டுநர் ஒன்று நினைக்க, கார் வேறொன்று செய்யும்.

ஆக, விறைப்பு வேண்டும். விறைப்பு வேண்டுமென்றால் கூரை வேண்டுமா? இங்கேதான் வரலாறு ஒரு வேடிக்கை காட்டுகிறது.

ஆரம்பகாலக் கார்களில் கூரைக்கும் விறைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. மாட்டு வண்டி மாதிரி அடியில் ஏணி போன்ற ஒரு சட்டம், அதன்மேல் உட்கார வைத்த கூண்டு. பாரம் சுமப்பதெல்லாம் சட்டம்தான். கூண்டை மாற்றினாலும் கழற்றினாலும் சட்டத்துக்குக் கவலையில்லை. 1922-ல் இத்தாலியின் வின்சென்சோ லான்சியா இந்த முறையை உடைத்தார். அவருடைய லான்சியா லாம்ப்டா காரில் தனிச் சட்டம் இல்லை, உடம்பே சட்டம். கப்பலின் உடற்பகுதி எப்படித் தன்னைத் தானே தாங்குகிறதோ அப்படி. உடம்பே பாரம் தாங்கும் முதல் வரிசை உற்பத்திக் கார் என்று பெயர் வாங்கிய அந்த வண்டிக்குக் கூரை என்ன தெரியுமா? மடக்கும் துணிதான்! பக்கச் சுவர்களை ஆழமாக வைத்து, கதவுகளைச் சின்னதாக வெட்டி, இருக்கைகளுக்குக் குறுக்கேயும் தகடுகளை ஓடவிட்டு விறைப்பைக் கொண்டுவந்தார் லான்சியா. கூரை இல்லாமல் விறைப்பு வராது என்பவர்களுக்கு நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது.

பிறகு எல்லோரும் இந்த வழிக்கு வந்தார்கள். ஆனால் விற்றது அதிகம் கூரை போட்ட கார்கள். எனவே கூரையும் பாரம் தாங்கும் உறுப்பாகிவிட்டது. அதன் பிறகுதான் 'கன்வெர்ட்டிபிள் பிரச்சினை' பிறந்தது. கூரையை நம்பி வடிவமைத்த காரிலிருந்து கூரையை வெட்டி எடுத்தால் முறுகாமல் என்ன செய்யும்? வெட்டியதற்கு ஈடாக கதவுக்குக் கீழே ஓடும் பகுதியையும் தரையையும் கனமான தகடு வைத்துப் பலப்படுத்துவார்கள். எடை ஏறும், விறைப்பு முழுசாகத் திரும்பாது.

பக்கச் சுவரை ஆழமாக வைப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. 1954-ல் வந்த மெர்சிடஸ் 300 எஸ்.எல். குழாய்ச் சட்டத்தால் ஆனது. விறைப்புக்காகப் பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாகப் போனதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால்தான் கூரையிலிருந்து மேலே திறக்கும், பறவைச் சிறகு மாதிரியான அந்தப் புகழ் பெற்ற கதவுகள். 1957-ல் அதையே திறந்த காராக மாற்றியபோது, சாதாரணக் கதவு வேண்டும் என்பதற்காகப் பக்கச் சட்டத்தைத் தாழ்த்தி, வேறு இடங்களில் பலப்படுத்தினார்கள். கூரை போனது, ஆனால் கார் கனமானது!

லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மேன் கதை இன்னும் நல்லது. 1957-ல் அவர் காட்டிய எலீட் முழுக்க ஃபைபர் கிளாஸ் உடம்பு. மூடிய கார் என்பதால் அது தன்னைத் தானே தாங்கியது. அடுத்து 1962-ல் வந்த எலான் திறந்த கார். கூரை இல்லாத ஃபைபர் கிளாஸ் உடம்பு போதிய விறைப்பு தராது. எனவே காரின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு எஃகுப் பெட்டிச் சட்டத்தை ஓடவிட்டு, இரண்டு முனையிலும் கவட்டை போலப் பிரித்து, அதில் சஸ்பென்ஷனை மாட்டினார்கள். கூரை செய்ய வேண்டிய வேலையைத் தரையின் நடுவில் இருந்த மூடிய பெட்டி செய்தது. அதே 1962-ல் லோட்டஸ் 25 என்ற ஃபார்முலா 1 காரும் வந்தது. ஓட்டுநரின் இரண்டு பக்கமும் மூடிய தகட்டுப் பெட்டிகள், நடுவில் குளியல் தொட்டி மாதிரி ஒரு குழி. மேலே கூரையே கிடையாது. ஆனால் அந்தக் காலத்துக் குழாய்ச் சட்டக் கார்களை விட லேசானது, பல மடங்கு விறைப்பானது. ஜிம் கிளார்க் 1963-ல் அதை ஓட்டி, பத்துப் பந்தயத்தில் ஏழை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார்.

இங்கே ஒரு விஷயம் தெளிவாகிறது. விறைப்பைத் தருவது கூரை என்ற பொருள் அல்ல. மூடிய பெட்டி என்ற வடிவம். அந்தப் பெட்டி தலைக்கு மேல் இருக்கலாம், பக்கவாட்டில் இருக்கலாம், தரைக்கு நடுவில் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்பதை விட எப்போது திட்டமிட்டார்கள் என்பதுதான் முக்கியம்.

இதற்கு எதிரெதிரான இரண்டு உதாரணங்கள் 1990-களின் கடைசியில் கிடைக்கின்றன.

ஒன்று ஜெர்மனியில். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1995-ல் இசட்3 என்ற திறந்த காரைக் கொண்டுவந்தது. நன்றாக விற்றது. ஆனால் அங்கிருந்த சில பொறியாளர்களுக்கு மனசு ஒப்பவில்லை. பெரிய எஞ்சினுக்கு அந்த உடம்பின் விறைப்பு போதாது என்று நினைத்தார்கள். பர்க்ஹார்ட் கோஷல் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம், வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து அதற்கு ஒரு கூரையை வடிவமைத்தது. நிர்வாகக் குழு சம்மதித்தாலும் செலவில் கறாராக இருந்தது. எனவே கதவு, முன்பக்கம் என்று முடிந்த வரை திறந்த காரின் சாமான்களையே உபயோகிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்ததுதான் 1998-ல் விற்பனைக்கு வந்த, செருப்பு மாதிரி முதுகு கொண்ட இசட்3 கூபே. பார்க்க விநோதமாக இருந்தது. ஆனால் முறுக்கு விறைப்பு திறந்த காரைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அதே கார், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான் வித்தியாசம். செருப்புப் பெட்டி சோதனையை நிஜக் காரில் செய்து காட்டியது போல!

இன்னொன்று ஜப்பானில். ஹோண்டா 1999-ல் எஸ்2000 என்ற திறந்த காரை வெளியிட்டது. இதன் தலைமைப் பொறியாளர் ஷிகேரு உஎஹாரா. ஹோண்டாவின் என்.எஸ்.எக்ஸ். காருக்கும் இவர்தான் தலைமை. எஸ்2000 எந்தக் கூபேயிலிருந்தும் வெட்டி எடுத்தது அல்ல. முதல் கோட்டிலிருந்தே கூரை இல்லை என்று தெரிந்து வரைந்தது. நடுவில் ஓடும் சுரங்கப் பகுதியைக் கனமான பெட்டியாக்கி, அதை முன், பின் சட்டங்களோடு பெருக்கல் குறி மாதிரி இணைத்தார்கள். சாப்மேனின் முதுகெலும்பு யோசனைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். மூடிய காருக்கு நிகரான விறைப்பு என்று ஹோண்டா அறிவித்தது. எடை 1240 கிலோ, இரண்டு லிட்டர் எஞ்சினிலிருந்து 250 குதிரைத் திறன். ஸ்பூன், ஜேஸ் ரேசிங், அம்யூஸ் என்று ஜப்பானின் பெயர் பெற்ற ட்யூனிங் கடைகள் எல்லாம் இதை ட்சுகுபாவுக்கு ஓட்டிக்கொண்டு போயின. 'கன்வெர்ட்டிபிள் ரேசுக்கு ஆகாது' என்ற வாதத்துக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டுமா?

ஆனால் நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே ஹோண்டா அமெரிக்காவில் 2008 மாடலாக எஸ்2000 சி.ஆர். என்று ஓடுதளத்துக்கான ஒரு வகையை விற்றது. அதில் மடக்கும் துணிக் கூரையை மொத்தமாகக் கழற்றிவிட்டார்கள். அது மடங்கி உட்கார்ந்திருந்த இடத்தில் விறைப்புக்காக ஒரு குறுக்குத் தாங்கியை வைத்தார்கள். மழைக்குக் கழற்றி மாட்டும் அலுமினியக் கூரை. எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் மூடி இல்லாத பெட்டியில் இன்னும் கொஞ்சம் விறைப்பைக் கூட்ட இடம் இருக்கத்தான் செய்தது.

கழற்றி மாட்டும் கூரை என்றதும் ஒரு தவறான நம்பிக்கை ஞாபகம் வருகிறது. மாஸ்டா எம்.எக்ஸ்.5 வைத்திருக்கும் பலர், கடினக் கூரையை மாட்டிவிட்டால் கார் கூபே ஆகிவிட்டது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. அந்தக் கூரை நிற்பது நாலைந்து கொக்கிகளிலும் ரப்பர் பட்டையிலும். செருப்புப் பெட்டி மூடியை டேப் ஒட்டாமல் சும்மா வைத்தது போலத்தான். காற்று பின் இறக்கைக்கு ஒழுங்காகப் போகும் என்ற வகையில் டைம் அட்டாக்கில் அதற்குப் பலன் உண்டு. விறைப்புக்குப் பெரிய உதவி இல்லை. மாஸ்டாவுக்கே இது தெரியும். அதனால்தான் 2003-ல் ஜப்பானில் மட்டும், மிகக் குறைந்த எண்ணிக்கையில், கூரையை உடம்போடு வெல்டிங் செய்த ரோட்ஸ்டர் கூபே என்ற வகையைத் தனியாகச் செய்தார்கள்.

நிசான் சில்வியா எஸ்15 கதையும் இதே ரகம். அதன் கூபே டைம் அட்டாக் உலகின் செல்லப் பிள்ளை. அதற்கே வரியேட்டா என்று, இரும்புக் கூரை மடங்கி டிக்கிக்குள் போகும் ஒரு தம்பி 2000-ல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள்தான் செய்தார்கள். டர்போ எஞ்சினைக்கூட அதற்குக் கொடுக்கவில்லை. கூபேயாக வரைந்ததை வெட்டித் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

இப்போது ஓடுதளத்துக்குத் திரும்புவோம். தீவிரமான டைம் அட்டாக் வண்டி எதுவாக இருந்தாலும் உள்ளே ரோல் கேஜ் என்ற எஃகுக் குழாய்க் கூண்டை வெல்டிங் செய்வார்கள். கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காப்பாற்றுவதுதான் அதன் முதல் வேலை. ஆனால் அந்தக் குழாய்கள் முன் தூணையும், பின் தூணையும், சஸ்பென்ஷன் மேல்முனைகளையும் இணைக்கும்போது விறைப்பும் சேர்ந்தே வருகிறது. திறந்த காருக்கு அது தொலைந்துபோன மூடி திரும்பக் கிடைத்த மாதிரி. நல்ல கூண்டு போட்ட பிறகு, இரண்டு காருக்கும் நடுவில் இருந்த பள்ளம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்படியென்றால் ஏன் இன்னும் மூடிய கார்களே முன்னால் நிற்கின்றன? நான் படிப்பது காமர்ஸ், அதனால் எனக்கு இது செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. மூடிய காரில் கூரையின் விறைப்பு விலையோடு சேர்ந்து வருகிறது. தொழிற்சாலை லட்சக்கணக்கான வண்டிகளில் அந்தச் செலவைப் பங்கு போட்டுவிட்டது. திறந்த காரில் அதே விறைப்பை ஒரு பட்டறை, ஒரே ஒரு வண்டிக்காக, தனியாகக் குழாய் வளைத்து வெல்டிங் செய்து வாங்க வேண்டும். பணம் ஒரு பக்கம், எடை இன்னொரு பக்கம். கூரைக்கு ஈடாகத் தொழிற்சாலை அடியில் வைத்த கனமான தகடுகளும் அப்படியே இருக்கும், அதன்மேல் கூண்டின் எடையும் ஏறும். பெரிய ஸ்பான்சர் இருக்கிறவர்களுக்கு இது பொருட்டில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வார நாளில் வேலைக்கு ஓட்டிப் போகும் அதே காரை ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் இறக்குகிறவருக்கு இது பெரிய தொகை. அவருக்குத்தான் 'எந்தக் காரை வாங்குவது' என்ற கேள்வி உண்மையில் வலிக்கும்.

ஆனால் அவரும் கூரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் ஏமாறுவார். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்தக் கார் முதலில் எதுவாக வரையப்பட்டது? திறந்த காராகவே பிறந்ததா, பாதியில் திறக்கப்பட்டதா? எஸ்2000 போலத் திறந்ததாகவே பிறந்திருந்தால் விறைப்புக்கான முதலீட்டை நிறுவனம் ஏற்கெனவே போட்டுவிட்டது. பாதியில் வெட்டியது என்றால் அந்தப் பாக்கியை வாங்குகிறவர்தான் தவணை தவணையாகக் கட்ட வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் சில பத்தில் ஒரு பங்கு விநாடி வட்டியோடு.

இந்தப் பாக்கியை ஒரேயடியாகத் தீர்க்கும் வழியும் வந்துவிட்டது. 2011-ல் மெக்லாரன் வெளியிட்ட 12சி காரின் நடுப்பகுதி, 75 கிலோ மட்டுமே எடையுள்ள கார்பன் ஃபைபர் தொட்டி. 1962-ன் லோட்டஸ் 25-க்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமே அதன் திறந்த வகை வந்தபோது, சேஸிஸில் கூடுதல் பலப்படுத்தல் எதுவும் தேவைப்படவில்லை. கூடிய 40 கிலோவும் மடங்கும் கூரைக்கும் அதன் மோட்டார்களுக்கும்தான். கூரை அங்கே வெறும் குடை. விறைப்போடு அதற்குச் சம்பந்தமில்லை. லான்சியா 1922-ல் தகட்டில் செய்ததை இவர்கள் கார்பனில் செய்தார்கள். என்ன, விலைதான் நம்ம கனவுக்கும் எட்டாது :-)

அடுத்த முறை யாராவது "கன்வெர்ட்டிபிளா, அது முறுகும்பா" என்று சொன்னால், "எந்தக் கன்வெர்ட்டிபிள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.